அழிக்க வேண்டாம்

சனிக்கிழமை மட்டும் திறக்கும் கடை.
போத்தனூர் மாதா கோயிலுக்குப் பின்னால்
முன்பு சைக்கிள் ஸ்டாண்டாக இருந்த தகரக் கொட்டகை.
செத்தவரின் கோட்டு, பிள்ளை வளர்ந்துவிட்ட தொட்டில்,
எல்லாம் முதியோர் இல்லத்து அரிசிக்காக
விலைக்கு நிற்கும்.
டொரீன் அக்காவிடம் ஒரு தராசு உண்டு.
தராசில் ஏறாததற்கு வாயில் வந்த விலை.

"வா மேன், பிளாப்பி" என்பார்.
என் பேர் சென்னியப்பன். அது அவருக்கு நீளம்.

எனக்கு இது பொழுதுபோக்கு இல்லைங்க.
திருப்பூர் மங்கலம் ரோட்டுக் கம்பெனியில்
பன்னிரண்டு தலை எம்பிராய்டரி மிஷின்,
ஜப்பான்காரன் செய்தது,
பிளாப்பி கொடுத்தால்தான் ஊசி இறங்கும்.
பென்டிரைவைக் காட்டினால்
தலைதீபாவளிக்கு ஸ்கூட்டர் கிடைக்காத மாப்பிள்ளை மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
வியாழக்கிழமை அதன் வாய் கெட்டது.
வாத்து போட்ட குழந்தைச் சட்டை
ஆயிரத்து இருநூறு உருப்படி,
செவ்வாய்க்கிழமை தூத்துக்குடியில் கப்பல்.

உக்கடத்தில் ஒரு நாள் முழுக்கக் குனிந்தே நடந்தேன்.
"அதெல்லாம் போன மாசமே
கிலோக் கணக்குல ஏத்தியுட்டாச்சுங்ணா."
ஈரோட்டுக்காரர் ஒருவர் படம் அனுப்பினார்.
பார்த்தால் கார் கேசட் பிளேயர்.

கொட்டகையில்
மிக்ஸி ஜாருக்கும்
கிறிஸ்துமஸ் குடில் ஒட்டகத்துக்கும் நடுவே
மஞ்சள் ஏறிய ஒரு பெட்டி.
ஊதினேன். தூசிக்குப் பின்னால்
அந்த ஒல்லி வாய்.
பொத்தானை அமுக்க
கறுப்புச் சதுரம் நாக்கை நீட்டியது.
மேலே நீல மையில், சாய்ந்த கையெழுத்தில்:
அழிக்க வேண்டாம்.

யார் கொடுத்ததுங்க?
"ஆட்டோ வந்துச்சு, எறக்கிச்சு, போச்சு.
நானூறு குடு மேன். ஒட்டகம்?"
ஒட்டகமும் வாங்கினேன்.
பாசஞ்சரில் இரண்டையும்
மடியில் வைத்துக்கொண்டு திருப்பூர் வந்தேன்.

டிரைவ் ஓடியது. ஆனால்
கம்பெனியில் இருந்த பிளாப்பி எல்லாம் பூசணம்.
உருப்படியானது இந்த ஒன்றுதான்.

நகல் எடுத்தேன் முதலில், அந்த மட்டும் யோக்கியன்.
மூன்று கோப்பில் இரண்டு வந்தன.
மூன்றாவது
நாலு தரம் கரகரத்து நின்றுவிட்டது.
வந்ததைத் திறந்தால் தமிழ்தான்,
அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்தது.
இன்றைய திரையில்
தொப்பி போட்ட ஏ, கொம்பு முளைத்த யு,
பவுண்டு, டிகிரி, தலைகீழ்க் கேள்விக்குறி.
எண்கள் மட்டும் எண்களாகவே கிடந்தன.
9.6.97.
கொஞ்சம் தள்ளி 3.
பிறகு 40,000.
கடைசியில் ஆறு இலக்கத்தில் ஒரு போன் நம்பர்.
முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்து அடித்தேன்.
உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல்,
அது மட்டும் சுத்தமான தமிழில்.

மணி ஒன்றரை.
பன்னிரண்டு ஊசியிலும் நூல் கோத்துவிட்டு
டீ கிளாஸோடு ஆட்கள் என்னையே பார்த்தார்கள்.

அழித்தேன்.
அவ்வளவு கரகரத்த மூன்றாவது கோப்பு
போகும்போது சத்தமே போடவில்லை.

விடிவதற்குள் தார் ரோட்டு நிறத் துணியில்
வாத்து வாத்தாக இறங்கியது.
கப்பலும் போயிற்று.

லேபிளை உரிக்கவில்லை.
பீகார்ப் பையன் தீபு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.
சொன்னேன்.
அன்று முதல் ஷிப்ட் முடிந்ததும்
வாத்தைப் பனியன் துணியில் சுற்றி
பீரோவில் வைத்துப் பூட்டுகிறான்.
சாவியை ஒட்டகத்தின் கழுத்தில் மாட்டுகிறான்.

டிரைவ் இப்போது நாலு சேர்ந்துவிட்டது.
சனிக்கிழமை ஆனால் இன்னும் போகிறேன்.
மூடிப்போன டிடிபி சென்டர்காரர் யாராவது
பழைய சிடி கொடுத்தார்களா,
தமிழ் எழுத்துரு இருக்கிறது மாதிரி?
"எழுத்தை எப்படி மேன் எடை போடறது?"
என்றவர் போன வாரம்
ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.
இதுவரை ஒன்பது கல்யாணம்,
ஒரு காது குத்து.
இன்னும் முப்பத்தொன்று பாக்கி.